ஆழிக்குமரனை இழந்தபோது

1984ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 6ஆம் திகதி, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்ற வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன், அம்முயற்சியிலேயே உயிர்நீத்தார். அன்னாருக்கு அப்போது வயது 41. அந்நாளில் எமது கல்லூரியில் மாணவராயிருந்த எமக்கு அச்செய்தி எம் வீட்டில் ஒருவரை இழந்தாற் போன்ற துயரைத் தந்தது.

அவர் புகழ் பேசும் உரிமை விடுதியிலிருந்த வடமராட்சி நண்பர்களுக்கே உரியதென்பது அக்கால வழக்கு. 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த தொண்டைமானாறு நவரத்தினசாமியில் தொடங்குவார்கள். 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரை சென்று, 51 மணி நேரத்தில் நீந்தியே திரும்பிய ஆனந்தனில் வந்து நிற்பார்கள். நகரத்து மாணவராகிய நாம் வாளாவிருந்து கேட்போம். அவருக்கு இணையாகக் கூற எம் பக்கத்தில் ஒருவரும் இலர்!

ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்றமை, 128 மணி நேரம் ருவிஸ்ற் நடனமாடியமை, 187 மணி நேரத்துக்கு மேலாகத் துவிச்சக்கரவண்டி ஓட்டியமை முதலியன அவருக்குக் கின்னஸ் நூலில் இடந்தேடித் தந்தன. மக்கள் சூழ நின்று கண்ட சாதனைகள் அவை. உண்மையைச் சொன்னால், அவற்றில் எமக்கு அத்துணை ஈடுபாடு இருந்ததில்லை. எம்மைக் கவர்ந்தது எவரும் காணாத நடுக்கடலில் நிகழ்ந்த அந்த நீச்சலே. காரோட்டப் பந்தய ரசிகன் தன் வீரனைக் கண்ணெதிரே காண்கிறான். கடல் நீந்துவோனின் ரசிகனுக்கோ புறப்பாடும் வருகையும் மட்டுமே காட்சி. இம்முறை வருகையும் இல்லாமற் போயிற்று.

“எமது நீரிணையிலும் ஒடுங்கிய கால்வாய்தானே, 21 மைல்தானே?” என்று பலர் வினவினர். தூரமன்று, குளிரே அக்கால்வாயின் கொடுமை. கோடையிலும் அந்நீர் ஏறத்தாழ 16 பாகை செல்சியசுதான். வெதுவெதுப்பான எம் கடலில் வளர்ந்த உடலின் சூட்டை அது விரைந்து உறிஞ்சிவிடும். நீந்துவோனைத் துணைப்படகிலுள்ளோர் தொட்டாலே முயற்சி செல்லாதாகிவிடும் என்பது விதி. உணவு கொடுப்பதும் தொடாமலே. அருகிருந்தும் தொடவியலாத அந்த நிலையை நினைக்குந்தோறும் எம் நெஞ்சு பதறும். அக்கால்வாயை 1875இல் முதன்முதலாக நீந்திக் கடந்த கப்டன் வெப்பும், 1883இல் நயாகரா ஆற்றின் சுழிகளில் அகப்பட்டே மாண்டார்.

“வீண் துணிச்சல்” என்றனர் பெரியோர் சிலர். நாம் அதற்கு உடன்படவில்லை. 1983 யூலைக்குப் பின் எம் மண்ணில் மரணச் செய்திகள் மலிந்திருந்த காலம் அது. பிறர் கையால் மாண்டவர்களின் பெயர்களையே வாசித்துப் பழகிய எமக்கு, தாமே தேர்ந்த தொழிலில், தாமே இறங்கிய நீரில் உயிர் துறந்த ஒருவருக்காக அழக் கிடைத்ததும் ஒருவகையில் ஆறுதலாகவே இருந்தது. வடமராட்சி நண்பர்கள் மட்டும் அன்றிரவு வாய் திறக்கவில்லை.