யோசனை சொன்னவரின் பங்கு

செங்கம் சாலையில், இரமணாசிரமத்தை அடுத்த பகுதியில், மாலை வேளைகளில் சற்று நடப்பது என் வழக்கம். ஒரு நாள், எங்கள் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் என்னோடு சேர்ந்துகொண்டார். ஆங்கில இலக்கியம் பயில்பவர். “சாமி, ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தில் வருகிற லாரன்ஸ் சாமியார் நல்லவரா, குற்றவாளியா?” என்று கேட்டார். “நல்லவர்தான், தம்பி” என்று உடனே சொல்லிவிட்டேன். அன்றிரவு அந்த விடை என்னை உறங்கவிடவில்லை.

1597-இல் முதன்முதலாக அச்சேறிய அந்நாடகத்தின் கதை பலரும் அறிந்ததே. பகைமை கொண்ட இரு குடும்பத்து இளைஞர்களுக்குப் பிரான்சிஸ்குச் சபைத் துறவியான லாரன்ஸ் அடிகளார் மறைவாகத் திருமணம் செய்து வைக்கிறார். இதனால் குடும்பங்கள் ஒன்றுபடும் என்பது அவருடைய நம்பிக்கை. பின்னர், விரும்பாத மணத்திலிருந்து ஜூலியட்டைக் காக்க, 42 மணி நேரம் பிணம்போல் கிடக்கச் செய்யும் மருந்தைக் கொடுக்கிறார். செய்தியைச் சொல்லும் கடிதம், கொள்ளைநோய் அச்சத்தால் ரோமியோவைச் சென்றடையவில்லை. இருவரும் மடிகிறார்கள்.

ஷேக்ஸ்பியருக்கு முன்னோடியாக, 1562-இல் ஆர்தர் புரூக் என்பவர் இக்கதையைப் பாட்டாகப் பாடியபோது, முன்னுரையில் துறவிகளைக் கடிந்து எழுதினார். ஷேக்ஸ்பியரோ லாரன்ஸை நல்ல மனம் படைத்தவராகவே படைத்தார். நம்மைச் சிந்திக்க வைப்பதும் அதுவே. தீயவன் கெடுதல் செய்தால் வியப்பில்லை. நல்லவருடைய யோசனையும் கல்லறையில் முடிகிறதே! கடிதம் தவறியதை விபத்தென்றே கொள்வோம். ஆனால், ஜூலியட் கண்விழித்த வேளையில், காவலர் வரும் ஓசை கேட்டு, அவளைத் தனியே விட்டு ஓடினாரே, அது விபத்தன்று. பிறகு அனைத்தையும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அரசனும் அவரைத் தூயவர் என்றே ஏற்றான். எனினும் அவள் உயிர் மீளவில்லை.

நம் தமிழின் நாடகக் காப்பியமாகிய சிலப்பதிகாரத்திலும் இத்தகைய ஒருவர் உண்டு. சமணத் துறவியாகிய கவுந்தியடிகள், கோவலன் கண்ணகியோடு புகாரிலிருந்து மதுரைக்கு நடந்து வருகிறார். இல்லறத்தார் துறவியர் இருக்கையில் தங்கலாகாது, கதிரவன் மறையுமுன் நகருக்குள் செல்லுங்கள் என்கிறார். கண்ணகியை ஆயர்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாகத் தருகிறார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோவலன் கொலையுண்டது பொற்கொல்லனின் வஞ்சத்தாலும் மன்னனின் அவசரத்தாலுமே. எல்லாம் ஊழ் என்று கவுந்தி ஒதுங்கியிருக்கலாம். அக்காப்பியமே ஊழ்வினையைப் பேசுகிறது. அவரோ, என்னோடு வந்ததனால்தானோ இவர்கள் வினை இப்படிப் பலித்தது என்று நொந்து, உண்ணாதிருந்து உயிர் நீத்தார். உயிரைப் போக்கிக்கொள்வதை நம் மறை ஏற்பதில்லை. ஆயினும், தம் பங்கைத் தேடிப் பார்த்த அம்மனம் நமக்கு வேண்டும்.

எனக்கு அது இல்லாமற்போன ஒரு நாள் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், கைக்குழந்தையோடு ஓர் இளம் பெண் வந்தார். கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார் என்றார். “பொறுத்துக்கொள், அம்மா. குடும்பம் என்றால் சிலுவை உண்டு. வீட்டுக்குப் போ, நான் அவரிடம் பேசுகிறேன்” என்றேன். ஞாயிறன்று பூசைக்குப் பின் கணவரிடம் பேசினேன். அவர் தலையாட்டினார், நான் நம்பினேன். பின்பு ஒருமுறைகூட அவ்வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. நான்கு மாதம் கழித்து அப்பெண்ணை மருத்துவமனையில் பார்த்தேன். “சாமி சொன்னதால்தான் போனேன்” என்றார், கோபமின்றி. “எல்லாம் கடவுள் சித்தம், அம்மா” என்று சொல்லி வெளியேறினேன். நானும் கல்லறையை விட்டு ஓடியவனே. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அவருடைய வலக்கை இன்றும் முழுமையாக நிமிர்வதில்லை.

உடலுக்கோ உள்ளத்திற்கோ பேராபத்து விளைவிக்கும் துணைவரைப் பிரிந்து வாழலாம் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், எண் 1153, கூறுகிறது. குருமடத்தில் அதைப் படித்தவன்தான் நான். யோசனை சொன்னபோது அது நினைவுக்கு வரவில்லை. இப்போது யாரேனும் அப்படி வந்தால், இன்றிரவு பாதுகாப்பாகத் தங்க இடமுண்டா என்பதையே முதலில் கேட்கிறேன். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றியும், 181 என்ற மகளிர் உதவி எண்ணைப் பற்றியும் சொல்கிறேன். மறுவாரம் நானே போய் விசாரிக்கிறேன்.

நான் நடக்கும் இச்சாலையோரத்தில்தான், 1950-இல் மறையும்வரை, இரமண மகரிஷி வாழ்ந்தார். கேட்க வந்தவர்கள் முன் அவர் பெரும்பாலும் மௌனமாகவே இருப்பாராம். எனக்கு அந்த மௌனம் கைவராது; பங்குக் குருவிடம் வருவோர் ஒரு சொல்லையேனும் எதிர்பார்த்தே வருகிறார்கள். ஆனால் சொல்லுமுன் முழுதும் கேட்கலாம். சொன்ன பின் உடன் நிற்கலாம்.

மறுநாள் அம்மாணவரைத் தேடிச் சென்று, “தம்பி, நேற்று அவசரப்பட்டுவிட்டேன். அவர் நல்லவர்தான், ஆனாலும் அவருக்கும் அதில் பங்குண்டு. அப்படியே எழுது” என்றேன்.