கண்ணுக்குத் தெரியாத காணிக்கை



இந்த வாரத் தியானத்தில் என் சரீரத்தைக் குறித்து எழுத வேண்டியவனாயிருக்கிறேன். ஊழியக்காரன் தன்னைப் பற்றி அதிகம் பேசுவது எனக்கு உவப்பானதன்று. ஆயினும், ஆராதனை முடிந்தபின் நான் ஏன் வாசலில் நின்று உங்களோடு கைகுலுக்குவதில்லை, ஏன் முகக்கவசத்துடன் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நிற்கிறேன், துக்க வீட்டுக்கு வந்தாலும் ஏன் முற்றத்திலேயே ஜெபித்துவிட்டுத் திரும்புகிறேன் என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். சிலர் கேளாமல் மனதிலேயே வைத்திருக்கிறீர்கள். இருவகையினருக்கும் பதில் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

எனக்கு இருக்கும் நிலைமையை மருத்துவர்கள் ‘மல்டிபிள் கெமிக்கல் சென்சிட்டிவிட்டி’ என்று அழைக்கிறார்கள். அன்றாடம் புழங்கும் பலவகை வேதிப்பொருள்களைச் சரீரம் தாங்கிக்கொள்ள இயலாத நிலை என்று அதைத் தமிழில் சொல்லலாம். மற்றவர்கள் கவனிக்கக்கூட மாட்டாத அளவு சென்ட், பெயிண்ட், பினாயில், கொசுவர்த்திப் புகை ஆகியவை சிலருக்குத் தலைவலியையும் நெஞ்சு இறுக்கத்தையும் படபடப்பையும் உண்டாக்குகின்றன. எனக்கு இவற்றோடு ஒருவித மூளை மயக்கமும் சேர்ந்துகொள்ளும். நாற்பது முறை பிரசங்கித்த வேதபகுதியே அப்போது நினைவுக்கு வராது. பின்பு இரண்டு நாள் படுக்கையிலிருந்து எழ இயலாதபடி சோர்வு வரும்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் இந்தச் சேகரத்துக்கு வந்தபோது, நீங்கள் எங்களை அன்போடு வரவேற்றீர்கள். குருமனைக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, ஒட்டுப்பலகையில் புது அலமாரிகள் செய்து வைத்திருந்தீர்கள். அந்த ஆண்டின் ஆகஸ்டு மாதத்தில்தான் என் தலைவலி தொடங்கியது. ஒட்டுப்பலகையின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு மாதக்கணக்கில் கசியக்கூடும் என்பது அறியப்பட்ட செய்தி. எனினும், என் நோய்க்கு அதுதான் காரணம் என்று எந்த மருத்துவரும் எனக்கு உறுதியாகச் சொல்லவில்லை. அது யாருடைய குற்றமும் அன்று. அன்பினால் செய்யப்பட்ட காரியத்தை நான் அன்பாகவே நினைவில் வைத்திருக்கிறேன்.

முதலில் பெயிண்ட் மட்டுமே ஆகாதிருந்தது. பின்பு பினாயில், அதன்பின் சலவைத்தூள், ஊதுபத்தி, பட்டுப்புடவைகளுக்குள் வைக்கும் அந்துருண்டை என்று பட்டியல் நீண்டது. சென்ற ஆண்டு வரை காலையில் நாளிதழை விரித்து வாசித்தேன். இப்போது அச்சு மையின் வாடை தணியும்படி அதை ஒரு பகல் வெயிலில் காயப்போட்டு, மறுநாள்தான் வாசிக்கிறேன். ஆகவே உலகச் செய்திகள் எனக்கு ஒரு நாள் தாமதமாக வந்து சேர்கின்றன. அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்டேன். என் தகப்பனாரின் பழைய வேதாகமத்தையே இப்போது கையில் எடுக்கிறேன். அதன் மை வாடை என் சிறுபிராயத்திலேயே போய்விட்டது. என் அங்கியை என் மனைவி பூந்திக்கொட்டை ஊறவைத்த நீரில் துவைக்கிறார்கள்.

இந்த நோயைப் பற்றி மருத்துவ உலகத்தில் ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். சிகாகோவைச் சேர்ந்த தெரன் ராண்டால்ஃப் என்னும் ஒவ்வாமை மருத்துவர் 1950களிலேயே இத்தகைய நோயாளிகளைக் குறித்து எழுதினார். 1987இல் மார்க் கல்லன் என்ற மருத்துவர் இந்நிலைக்கு இப்போதைய பெயரைச் சூட்டி வரையறுத்தார். 1999இல் ஒரு மருத்துவர் குழு இதை இனங்காண ஆறு அடையாளங்களை வகுத்தது. மறுபுறம், எந்தக் காற்றில் வேதிப்பொருள் கலந்திருக்கிறது என்று தெரியாதபடி மறைத்துச் சோதித்தபோது, நோயாளிகளால் அதைச் சீராகப் பிரித்தறிய இயலவில்லை என்று 2006இல் வெளிவந்த ஒரு மீளாய்வு கூறியது. ஆகையால் மனமும் நரம்பு மண்டலமும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். வேறு சிலரோ, நச்சுப்பொருள் பட்டதனால் சரீரம் தன் தாங்கும் திறனை இழந்துவிடுகிறது என்கிறார்கள். இதை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை இல்லை. குணமாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்தும் இல்லை.

இதை நான் மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. காரணம் எதுவாயினும் வேதனை மெய்யானது. சரீரத்தையும் மனதையும் படைத்தவர் ஒருவரே. மனதின் வழியாக வரும் நோவு, நோவு அல்லவென்று ஆகிவிடாது. மருத்துவர்களின் வாதம் முடியட்டும் என்று நோயாளியால் காத்திருக்கவும் முடியாது. அவனுக்கு இன்றைய நாளை மூச்சுத் திணறாமல் கடக்க வேண்டியிருக்கிறது.

ஊழியக்காரனுக்கு இந்த நோய் ஒரு தனிப்பட்ட சிலுவை. மக்களை நெருங்குவதே அவனுடைய வேலை. மருத்துவமனைக் கட்டிலின் அருகில் அமர வேண்டும். மருத்துவமனையோ கிருமிநாசினியின் நெடி நிறைந்தது. மணமக்களின் தலைமேல் கைவைத்து ஆசீர்வதிக்க வேண்டும். அன்று அவர்கள் வாசனை பூசாமல் இருப்பார்களா? துக்க வீட்டில் மாலைகளும் ஊதுபத்தியும் பன்னீரும் இருக்கும். உங்களுடைய மிகுந்த சந்தோஷத்திலும் மிகுந்த துக்கத்திலும் நான் நான்கு அடி தூரத்தில் நிற்கிறேன். என் நோவுகளில் தலைவலியைவிட அந்த நான்கு அடியே எனக்கு அதிகம் வலிக்கிறது.

என் பொருட்டு ஜெபிக்கிறவர்களுக்கு நான் நன்றியுள்ளவனாயிருக்கிறேன். அன்புள்ள சிலர் எண்ணெய் பூசி ஜெபிக்கவும் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த எண்ணெயில் நறுமணம் சேர்த்திருந்தது. ஆகையால் சமையலறையிலிருந்து நல்லெண்ணெய் எடுத்து வந்து ஜெபித்தோம். இருவருமே சிரித்தோம். ஆனால், விசுவாசம் குறைவாயிருப்பதால்தான் ஐயருக்குச் சுகம் தாமதிக்கிறது என்ற பேச்சும் என் காதுக்கு வந்தது. என்னைப் பற்றி அப்படிச் சொல்வதை நான் தாங்கிக்கொள்வேன். இதே வார்த்தையை ஒரு புற்றுநோயாளியிடமோ, பிள்ளையில்லாத ஒரு சகோதரியிடமோ தயவுசெய்து சொல்லாதிருங்கள். பவுல் தம் முள்ளைக் குறித்து மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது எடுக்கப்படவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று நம்மில் யார் சொல்லத் துணிவோம்? 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதில் ஒளி திரும்பும் கடைசி வசனம் இல்லை. அப்படியிருந்தும் அது பரிசுத்த வேதத்திலிருந்து நீக்கப்படவில்லை.

பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ளவளாயிருந்த ஸ்திரீயைக் குறித்து நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். அவள் அநேக வைத்தியர்களிடம் போய்த் தன் பொருளையெல்லாம் செலவழித்தும், நோய் அதிகப்பட்டதே தவிரக் குறையவில்லை என்று மாற்கு எழுதுகிறார். முன்பு இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கும்போது அவள் வஸ்திரத்தைத் தொட்ட நிமிஷமே எனக்குப் பெரிதாகத் தோன்றும். இப்போது அதற்கு அடுத்த நிமிஷத்தில் என் மனம் நிற்கிறது. யவீருவின் மகள் மரணத் தறுவாயில் இருக்கிறாள், ஜனங்கள் நெருக்குகிறார்கள், போக வேண்டிய அவசரம். அப்படியிருந்தும் ஆண்டவர் நின்றார். சரீர சுகம் ஏற்கனவே கிடைத்துவிட்டது. இருந்தும், அவள் நடந்தது முழுவதையும் சொல்லும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நியாயப்பிரமாணத்தின்படி தீட்டுள்ளவளாக மனுஷரை விட்டு ஒதுங்கி வாழ்ந்தவளை, அத்தனை பேர் முன்னிலையிலும் மகளே என்று அழைத்தார்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு சுகங்கள் தேவைப்பட்டன என்று இப்போது எனக்கு விளங்குகிறது. ஒன்று, சரீரத்தின் உதிரம் நிற்பது. மற்றொன்று, தான் சொல்வதை ஒருவர் முழுவதும் கேட்டு நம்புவது. முதலாவது சுகத்தை அளிப்பது தேவனுடைய சித்தம். இரண்டாவது சுகத்தைக் கொடுக்கும் அதிகாரத்தை அவர் சபையாகிய நமக்கும் தந்திருக்கிறார்.

இதை நான் வேதத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை, உங்களிடமிருந்தும் கற்றுக்கொண்டேன். சென்ற ஆண்டு கிறிஸ்மஸுக்கு முன் ஆலயத்துக்குப் பெயிண்ட் அடிப்பதற்குப் பதிலாகச் சுண்ணாம்பு அடிக்கச் சேகரக் கமிட்டியார் தீர்மானித்தார்கள். கோயில்பிள்ளை இப்போது பினாயிலை விட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் தரையைத் துடைக்கிறார். ஆராதனைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைக்கிறார். பாடகர் குழுவினர் சென்ட் பூசாமல் வருகிறார்கள். எழுபது வயதைக் கடந்த ஒரு தாயார், அறுபது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் பூசிவந்த முகப்பவுடரை நிறுத்திவிட்டார்கள். அதை அவர்கள் என்னிடம் சொல்லவில்லை; அவர்களுடைய பேத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். காணிக்கைப் பையில் விழாத, ரசீது எழுதப்படாத காணிக்கை அது. அந்த ஞாயிற்றுக்கிழமையில் முகக்கவசமின்றி நான் திருவிருந்தைப் பரிமாறினேன்.

அன்றைக்கு என் நோய் நீங்கிவிடவில்லை. மறுநாள் தெருவில் கொசு மருந்துப் புகை அடித்தார்கள். மூன்று நாள் படுத்திருந்தேன். ஆனாலும் அந்த ஒன்றரை மணி நேரம் நான் சுகமாயிருந்தேன். அது பாதி என் சரீரத்தின் சுகம், பாதி உங்கள் அன்பின் சுகம்.

சுகம் பெறுவேன் என்று நம்புகிறீர்களா, ஐயா என்று ஒரு வாலிபத் தம்பி கேட்டார். ஆம், நம்புகிறேன். ஒவ்வாதவற்றை விலக்கி, நல்ல காற்றில் வாழ்ந்து, வருடங்கள் சென்றபின் தேறியவர்கள் இருக்கிறார்கள். தேறாதவர்களும் இருக்கிறார்கள். நான் எந்த வரிசையில் நிற்கிறேன் என்பது என் கையில் இல்லை. நம்பிக்கை வேறு, தேதி குறிப்பது வேறு. ஈஸ்டருக்குள் சரியாகிவிடும், கிறிஸ்மஸுக்குள் சரியாகிவிடும் என்று நாள் குறித்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு பண்டிகையும் எனக்கு ஒரு தோல்வியாகவே வந்து போகும். ஆகையால் நாளைக் குறிக்கும் வேலையைக் கர்த்தரிடம் விட்டுவிட்டு, விதை விதைத்தவன் மழைக்குக் காத்திருப்பதுபோல் காத்திருக்கிறேன். காத்திருக்கும் நாட்களிலும் வரப்பு வெட்டுகிற வேலை இருக்கிறது அல்லவா?

வரும் மே மாதம் எனக்கு இடமாற்றல் வரக்கூடும். புதிய ஐயர் வருகிறார் என்றால் குருமனைக்குப் பெயிண்ட் அடிப்பது நம் வழக்கம். அந்த அன்புதான் என்னை அங்கே குடியிருக்கவிடாமல் செய்யக்கூடும். எங்கே அனுப்பப்பட்டாலும், பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பு போதும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கத் தீர்மானித்திருக்கிறேன். அந்தச் சபையாருக்கு அது விநோதமாகத் தோன்றலாம். உங்களைப் போல அவர்களும் நம்ப வேண்டுமே என்பதுதான் இந்நாட்களில் என் ஜெபம். அது அமையாவிட்டால் பீடத்தில் நின்று செய்யும் ஊழியத்தை நான் விட நேரிடலாம். அதையும் உங்களுக்குத் தெரிவிக்காமல் இருப்பது சரியல்ல.

பிரியமானவர்களே, இது உங்கள் போதகர் ஒருவருடைய காரியம் மட்டுமன்று. அமெரிக்காவில் 2018இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பில் 12.8 சதவீதத்தினர், தங்களுக்கு இந்நிலை உண்டென்று மருத்துவர் கூறியதாகத் தெரிவித்தார்கள். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் மருத்துவமனைகள், வாசனை பூசாமல் வரும்படி எல்லாரையும் வேண்டிக்கொள்கின்றன. நம் ஆலயத்திலும் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள், ஒற்றைத் தலைவலிக்காரர், கர்ப்பவதிகள் இருக்கிறார்கள். வாசனை தாங்காமல் பாதி ஆராதனையில் எழுந்துபோகிறவரை அலட்சியக்காரர் என்று எண்ணாதிருங்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. ஞாயிறன்று சென்ட்டும் வாசனை எண்ணெயும் இல்லாமல் வாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்த பட்டுப்புடவையை முந்திய நாளே காற்றாட விடுங்கள். சோப்பு வாங்கும்போது ‘அன்சென்டட்’ என்ற சொல்லை மட்டும் நம்பாதிருங்கள். வாடையை மறைக்க வேறொரு நறுமணம் அதில் சேர்ந்திருக்கலாம். ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்கேனிலும் இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருப்பார். அவரிடம் போய், உனக்கு என்ன செய்கிறது என்று கேட்டு, அவர் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை அருகில் அமர்ந்திருங்கள்.

ஜெபம்: சுகம் தருகிற ஆண்டவரே, எங்கள் சபையில் நோய்க்குப் பெயர் கிடைத்தவர்களையும், பெயரே கிடைக்காதவர்களையும் உம் கரத்தில் ஒப்புவிக்கிறோம். காத்திருக்கிறவர்களுக்குப் பொறுமையையும், அருகில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும் செவியையும் தாரும். ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுக்கும் சிறு காரியங்களை உமக்கு உகந்த காணிக்கையாக ஏற்றுக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.