பிள்ளைகளை அஞ்சலகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்!

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் வாழும் அன்புப் பெற்றோரே! விடுமுறை நாட்களில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறீர்கள். அஞ்சலகம் திறந்திருக்கும் ஒரு நாளில், இராஜாஜி சாலையிலுள்ள பொது அஞ்சலகத்திற்கும் அழைத்துச் செல்லுங்கள். துறைமுகத்தை நோக்கி நிற்கும் அச்செந்நிறக் கட்டடம், இராபர்ட் சிசோம் வடிவமைத்து 1884இல் கட்டி முடிக்கப்பட்டது.

அங்கே ஓர் அஞ்சலட்டை வாங்கி, தம் வீட்டு முகவரியைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். பலர் தடுமாறுவர்! கைப்பேசியில் விளையாடத் தெரிந்த பிள்ளைக்குத் தன் தெருவின் பெயர் தெரியாது. கூட்டத்தில் வழி தவறினால் அப்பிள்ளை எப்படி வீடு வந்து சேரும்?

1972 ஆகஸ்ட் 15இல் அறிமுகமான ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணையும் விளக்குங்கள். இராயபுரம் 600013, திருவொற்றியூர் 600019, எண்ணூர் 600057. முதல் மூன்று இலக்கங்கள் சென்னையையும், பின் மூன்றும் அந்தந்த அஞ்சலகத்தையும் குறிக்கும். கடைசி 3ஐ 9 என்று எழுதிவிட்டால் இராயபுரத்துக் கடிதம் திருவொற்றியூருக்குப் போய் அலையும். சிறு கவனக்குறைவின் விலை பிள்ளைக்கு அப்போது புரியும்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். அஞ்சலட்டைக்கு உறையில்லை; யாரும் படிக்கலாம். ஆயினும் பலர் கைமாறி வரும் அதனை, உரியவரிடம் சேர்க்க வேண்டிய அமானிதமாகவே கருத வேண்டும். பிறருடைய கைப்பேசியைத் திறந்து பாராத பண்பும் இதுவே அன்றோ!

எழுதிய அட்டையைப் பிள்ளையே பெட்டியில் போடட்டும். அது வீடு வந்து சேரும்வரை காத்திருக்கும் பொறுமையும் ஒரு பாடமே.