கீரைக் கணக்கு

எங்கள் அம்மாவின் இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்ட நாளிலிருந்து வீட்டில் கீரைக்குக் கணக்கு வந்துவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க அவர் அன்றாடம் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்கிறார். கீரையிலுள்ள கே உயிர்ச்சத்து அதற்கு எதிராக வேலை செய்யும். கீரையே கூடாது என்பதல்ல, வாராவாரம் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்றார் மருத்துவர். பிள்ளைகள் மூவரும் முருங்கைக்கீரையைக் கிண்ணத்தால் அளக்கக் கற்றுக்கொண்டோம்.

அளவு பிசகாத ஒரு மாதத்தில்தான் அம்மாவின் ஈறுகளில் ரத்தம் கசிந்தது. பரிசோதித்தபோது, மூன்றை ஒட்டி இருக்கவேண்டிய ஐஎன்ஆர் எண் ஆறைத் தாண்டியிருந்தது. சிறுநீர்த் தொற்றுக்காக வேறொரு மருத்துவர் முந்தைய வாரம் எழுதித் தந்த ஆன்டிபயாடிக்தான் காரணம். வார்ஃபரின் பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இரண்டாவது பிழைதான் இன்றும் உறுத்துகிறது.

இத்தகைய மருந்துகளில் சில, கல்லீரல் வார்ஃபரினைச் சிதைப்பதை மந்தமாக்குகின்றன. குடல் பாக்டீரியாக்கள் மடிவதால் அவை தரும் கே உயிர்ச்சத்து குறைவதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. அந்தச் செய்தி எங்களை விடவில்லை. பாக்டீரியாவுக்கு ரத்தம் ஏது? உறையவேண்டியது எதுவும் இல்லாத உயிர் இதை எதற்காகச் செய்து வைத்திருக்கிறது?

குழப்பம் பெயரில் இருக்கிறது. கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீனியில் வளர்த்த கோழிக்குஞ்சுகளுக்கு ரத்தம் கசிவதைக் கண்டார். தீனியில் இல்லாதுபோன பொருளுக்கு 1935இல் அவர் சூட்டிய கே என்ற எழுத்து, உறைதலைக் குறிக்கும் டேனிஷ் சொல்லின் முதலெழுத்து. அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சி, அழுகவிட்ட மீன்தூளிலிருந்து அதன் இன்னொரு வடிவத்தைப் பிரித்தெடுத்தார். இருவருக்கும் 1943ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. மீன்தூளில் அதைச் செய்திருந்தவை, அதை அழுகவைத்த பாக்டீரியாக்களே. அவற்றுக்கு அது மூச்சு.

மெனாகுயினோன் என்று அதற்குப் பெயர். இரட்டை வளையம் தலை. ஐந்தைந்து கரியணுக்கள் கொண்ட கண்ணிகள் கோத்தது வால். ஈ.கோலைக்கு எட்டுக் கண்ணிகள், காசநோய்க் கிருமிக்கு ஒன்பது. நீரில் கரையாத அந்த வாலோடு அது செல் சவ்வின் கொழுப்புக்குள்ளேயே உலவுகிறது. ஒரு நொதியிடம் எலக்ட்ரான்களை ஏற்றி, இன்னொன்றிடம் இறக்கிவிட்டு, வெறுமனே திரும்பும் ஓடம். காற்று இருக்கும்போது ஈ.கோலை பெரும்பாலும் வேறொரு ஓடத்தை, யூபிகுயினோனை, பயன்படுத்துகிறது. காற்றில்லாத இடத்தில் இதற்கு மாறிக்கொள்கிறது. குடல் அப்படிப்பட்ட இடம்.

எங்களை வியக்கவைத்தது இந்த ஓடம் கட்டப்படும் விதம். தலை செல்லின் நீர்ப்பகுதியில், கோரிஸ்மேட் என்னும் பொருளிலிருந்து பல நொதிகள் கைமாற்றிக் கைமாற்றி உருவாகிறது. சவ்வில் பதிந்திருக்கும் மென்ஏ என்ற நொதி அதை வாலோடு சேர்க்கிறது. பிறகு ஒரு மெத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது. நீரில் செய்ததைக் கொழுப்புக்குள் இறக்கும் அந்தத் துறையில் நெரிசல் ஏற்பட்டால்? ஆக்லாந்து ஆய்வாளர்கள் 2020இல் காசநோய்க் கிருமியில் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். வாலுக்காகக் காத்திருக்கும் அந்தத் தலையே, தொடரின் முற்பகுதியிலுள்ள மென்டி நொதியில் போய் ஒட்டி அதை மந்தப்படுத்துகிறது. தறியில் பாவு தீராவிட்டால் அடுத்த பாவு ஓட்டுவதில்லை அல்லவா, அதுபோல.

மனித செல்லின் மூச்சுக்கு மெனாகுயினோன் தேவையில்லை. காசநோய்க் கிருமிக்கு அதைவிட்டால் வேறில்லை. மருந்து தேடுவோர் இத்தொடரைக் குறிவைப்பது அதனால்தான். ஆனால் கிருமிகள் லேசுப்பட்டவை அல்ல. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸில் சில, இத்தொடரின் மரபணு ஒன்று பழுதானபின் மூச்சுக் குறைந்து, குறுகிய கூட்டங்களாக மெல்ல வளர்கின்றன. ஜென்டாமைசின் செல்லுக்குள் நுழையச் சவ்வின் மின்னழுத்தம் வேண்டும். அது தளர்ந்துவிடுவதால் மருந்தும் சரியாக உள்ளே போவதில்லை. பலவீனமே கவசமாகிவிடுகிறது!

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தோம். பொறுமையாகக் கேட்டவர், "அப்போ அதுங்க எனக்காகச் சமைக்கல, தனக்குச் சமைச்சதுல மிச்சம்தான் எனக்கு" என்றார்.

இப்போது எந்தப் புது மாத்திரை வீட்டுக்குள் வந்தாலும் முதலில் வார்ஃபரின் சீட்டைக் காட்டுகிறோம். மூன்றாம் நாள் ரத்தம் பார்க்கிறோம். நேற்று இரண்டு புள்ளி எட்டு. இன்று கீரை நாள், ஒரு கிண்ணம்.