கட்டை கட்டும் மாதங்கள்

விக்கிரவாண்டி வட்டாரத்தில் தெருக்கூத்துக் கலைஞரின் தொழில் பங்குனியில் தொடங்கி ஆடியில் முடிகிறது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து ஊரார் கையில் கொஞ்சம் காசும், வயலில் வேலையில்லாத இரவுகளும் இருக்கும்போது திரௌபதி அம்மன் கோயில்களில் கொடி ஏறுகிறது. வடக்கே திண்டிவனம், தெற்கே விழுப்புரம், மேற்கே செஞ்சி என்று எந்தப் பக்கம் போனாலும் சில ஊர்களுக்கு ஒரு திரௌபதி அம்மன் கோயில் உண்டு. தருமராஜா கோயில் என்றும் அதைச் சொல்வார்கள். செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலே இவற்றுக்கெல்லாம் மூலம் என்பது இந்தப் பகுதியின் நம்பிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைடல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய நூலின் முதல் தொகுதி 1988 இல் வந்தது. அதுவும் செஞ்சியிலிருந்தே தன் கதையைத் தொடங்குகிறது.

இந்த விழாவுக்கு ஊரில் பெயர் ‘பாரதம்’. பிற்பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் படித்துப் பொருள் சொல்வார். பகலில் கேட்ட கதை இரவில் கூத்தாக நடக்கும். பிரசங்கம் முன்னதாகவே தொடங்கிவிடும். கூத்து பெரும்பாலும் கடைசி எட்டு அல்லது பத்து இரவுகள். வில்வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கீசகன் வதம், கிருஷ்ணன் தூது, அரவான் களப்பலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று வரிசை போகும். பதினெட்டாம் போர் இரவு முழுக்க நடந்து, விடிந்ததும் துரியோதனன் படுகளத்தில் முடியும். அன்று மாலை தீமிதி. எந்த ஊரில் எத்தனை இரவு, எந்தக் கதை விடப்படும் என்பதை ஊர் வசூலிக்கும் தலைக்கட்டு வரியே முடிவு செய்கிறது.

கூத்துக் குழுவை ஜமா என்பார்கள். அதை நடத்துபவர் வாத்தியார். வேஷக்காரர்கள், மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், முகவீணை, தாளம் என எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ பதினைந்து பேர். ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்துத் தாம்பூலம் கொடுத்துவிட்டால் அந்தத் தேதிகள் ஜமாவுடையவை. வாத்தியார் ஒரு நோட்டில் தேதிகளை எழுதி வைத்திருப்பார். சித்திரை, வைகாசியில் அந்த நோட்டில் ஒரு வரிகூடக் காலியாக இல்லாவிட்டால் அது நல்ல வருஷம்.

இரவு எட்டு மணிக்குமேல் ஜமா ஊருக்குள் வருகிறது. ஊர்ச்சாப்பாடு முடிந்ததும் பள்ளிக்கூடத் திண்ணையிலோ கீற்றுக் கொட்டகையிலோ பெட்டி திறக்கப்படும். ஒவ்வொருவரும் கையளவு கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்துத் தாமே அரிதாரம் பூசிக்கொள்கிறார்கள். பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து முகம் முழுக்க இட்டு, அதன்மேல் மீசையும் புருவமும் புள்ளிகளும் தீட்ட ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். கிருஷ்ணனுக்குப் பச்சை அல்லது நீலம், செருக்குள்ள வீரர்களுக்குச் சிவப்பு. இந்த நேரத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

அடுத்துக் கட்டை. கட்டைக்கூத்து என்ற பெயருக்கே காரணம் இந்த அணிகள்தான். இவற்றைப் பார்க்காமல் கூத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. தலையில் கிரீடம், தோள்களில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், காதோரம் கன்னக்கட்டை என எல்லாம் மரத்தில் செதுக்கியவை. கல்யாண முருங்கை மரம் லேசானது, உளிக்கு எளிதில் இணங்குவது என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். செதுக்கிய பலகையில் வண்ணத்தாளும் ஜிகினாவும் கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் ஒட்டுவார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்குக் காலத்தில், அதற்கும் முன் தீப்பந்தக் காலத்தில், அந்தக் கண்ணாடித் துண்டுகள் கிடைத்த கொஞ்சம் வெளிச்சத்தையும் வாங்கி ஊர்மேல் வீசின. வேஷக்காரர் சுழலும்போது அவரைச் சுற்றி ஒளி சிதறியதற்கு அதுவே காரணம். இப்போது குழல்விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் அந்த வித்தை பாதி மங்கிவிட்டது. கட்டை மட்டும் மாறவில்லை.

லேசான மரம் என்றாலும் எல்லாம் சேர்ந்தால் கனம்தான். கிரீடத்தை நெற்றியோடு இறுக்கிக் கட்டும் துணி தளர்ந்தால் சுழலும்போது கிரீடம் நழுவும். அதிகம் இறுக்கினால் நள்ளிரவுக்குள் தலைவலி வந்துவிடும். அந்த இறுக்கத்தின் அளவை வாத்தியார் சொல்லித்தர முடியாது, வேஷக்காரரின் நெற்றியே கற்றுக்கொள்ள வேண்டும். இடுப்பைச் சுற்றிச் சேலைகளைக் கொசுவி, குடைபோல விரியும்படி பாவாடை கட்டுகிறார்கள். கணுக்காலில் சலங்கை. சித்திரைப் புழுக்கத்தில், காற்று அசையாத இரவில், இத்தனையும் உடம்பில் ஏற்றிக்கொண்டு ஒருவர் மணிக்கணக்கில் பாடி ஆட வேண்டும். பெண் வேஷத்துக்குக் கட்டை இல்லை. ஆனால் சேலைக்கட்டு, நடை, குரல் எல்லாவற்றையும் விடியும்வரை குலையாமல் வைத்திருப்பது அதைவிடச் சின்ன வேலை அல்ல.

பத்து மணி வாக்கில் மேளக்காரர்கள் களரி கட்டுகிறார்கள். முகவீணையின் கூர்மையான ஓசை பக்கத்து ஊர்வரை கேட்கும். இன்றைக்குக் கூத்து உண்டு என்பதற்கு அதுவே அறிவிப்பு. கட்டியங்காரன் வந்து கடவுள் வாழ்த்தும் கதை அறிவிப்பும் வேடிக்கையும் முடித்தபின் இருவர் ஒரு திரையைப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் தம் விருத்தத்தைப் பாடுவார். முதலில் சலங்கைச் சத்தம், பிறகு திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, பிறகு ஒரு பக்கம் முகம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ராஜா வருவார். திரை விலகியதும் சுழற்சி. தான் யார் என்பதைக் கட்டியங்காரனின் கேள்விகளுக்குப் பதிலாகச் சொல்லி முடிக்க அரைமணிகூட ஆகலாம். இந்தத் திரைப்பிரவேசத்தில்தான் ஒரு வேஷக்காரரின் தரம் தெரிந்துபோகும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் அதைப் பார்த்துத்தான், உட்காருவதா எழுந்துபோவதா என்று முடிவு செய்கிறார்கள்.

சில இரவுகளில் நடிப்பும் பூசையும் ஒன்றாகிவிடும். துகிலுரிதல் இரவில் துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையில் கைவைக்குமுன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார். திரௌபதி வேஷக்காரரை ஊர் அம்மனாகவே பார்க்கிறது. அர்ச்சுனன் தபசில் நடிகர் உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். குழந்தை வேண்டும் பெண்கள் அடியில் ஈரச்சேலையோடு இருந்து, அவர் உச்சியிலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் மடியேந்தி வாங்குவார்கள். படுகளத்தன்று தரையில் மண்ணால் செய்த துரியோதனன் பெரிய உருவமாகக் கிடப்பான். அவனைச் சுற்றி வீமனும் துரியோதனனும் சண்டையிட்டு, தொடை பிளந்து, திரௌபதி கூந்தல் முடிவாள். அந்தக் காலையில் மண்ணில் நிற்கும் கூட்டத்தில் யாருக்கும் அது நாடகமாகத் தெரிவதில்லை. அழுகிறவர்கள் உண்மையாகவே அழுகிறார்கள்.

ஆறு மணிக்கு மங்களம் பாடி முடிந்ததும் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைக்கிறார்கள். இரவில் கற்பூரம் காட்டப்பட்ட அதே மனிதர் தோளில் ஒரு பையோடு பேருந்துக்குக் காத்து நிற்கிறார். வீடு பக்கத்தில் என்றால் போய்ச் சில மணி நேரம் தூக்கம். தூரம் என்றால் கோயில் மண்டபத்திலோ மரத்தடியிலோ துண்டை விரித்துப் படுக்கை. தொடர்ந்து இருபது, முப்பது இரவுகள் இப்படிப் போனால் முதலில் கெடுவது தொண்டை, அடுத்து வயிறு, பிறகு முழங்கால். மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டு அடுத்த இரவுக்குத் தயாராகிறார்கள்.

கூலி இரவுக் கணக்கு. ஊர் கொடுக்கும் தொகையில் வண்டிச் செலவும் மேளக்காரர் பங்கும் பெட்டிப் பங்கும் போக மீதி, வேஷத்தின் தகுதிப்படி பிரிகிறது. நடுவில் ஊர்க்காரர்கள் ஒலிபெருக்கியில் தங்கள் பெயரைச் சொல்லச் சொல்லித் தரும் அன்பளிப்பு தனி. ஜமாவில் சேரும்போதே வாத்தியாரிடம் முன்பணம் வாங்குவது வழக்கம். மகள் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய அந்தப் பணம் சீசன் முழுக்கக் கழிந்துகொண்டே இருக்கும். கழியாமல் மிச்சம் இருந்தால் அடுத்த வருஷமும் அதே ஜமா. வாத்தியாரும் வட்டிக்கு வாங்கித்தான் கொடுத்திருப்பார் என்பதால் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நியாயமில்லாதது இடையில் வரும் தரகு. ஊரோடு பேசி முடிப்பவர் ஒருவர், ஆடுபவர் இன்னொருவர் என்றானபிறகு ஊர் கொடுத்த தொகை எவ்வளவு என்பதே வேஷக்காரருக்குத் தெரிவதில்லை. பந்தலுக்கும் விளக்குக்கும் வாணவேடிக்கைக்கும் கேட்ட தொகையைக் கொடுக்கிற ஊர், கூத்துக்காரரிடம் மட்டும் பேரம் பேசுகிறது. அம்மன் காரியம் என்று சொல்லிக் குறைத்துக் கேட்டால் அவரால் மறுக்க முடியாது. பேரத்தில் அவர் தோற்பது அந்த இடத்தில்தான். அம்மன் காரியத்துக்கு வந்தவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பதை ஊர்கள் உணர வேண்டும். தொகையைச் சபையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக் கொடுத்தாலே பாதி அநியாயம் நின்றுவிடும்.

சட்டமும் இந்தத் தொழிலைத் தொடுகிறது. 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு ஆண்டில் பதினைந்து நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்வு தரலாம். கூத்து நடக்கும் நேரமோ சரியாக அந்தப் பத்து முதல் ஆறு. ஒலிபெருக்கி இல்லாமல் ஊர் முழுக்கக் கேட்கும் குரல் படைத்த தலைமுறை குறைந்துவிட்டதால், அனுமதி கிடைக்காத இரவு பாதி இரவாகச் சுருங்குகிறது. ஊர்ச் சண்டையும் கூத்தைத் தொடும். விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில், பட்டியல் சமூகத்தவர் உள்ளே செல்வது பற்றிய தகராறில் 2023 ஜூனில் பூட்டி முத்திரையிடப்பட்டு, நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மார்ச்சில்தான் பூசைக்குத் திறந்தது. சபையில் ஒரு பெண்ணுக்கு இழைத்த அவமானத்தைக் கதையாகக் கொண்ட வழிபாட்டின் வாசலில் இப்படி நடந்தது பெரும் வேதனை. இவற்றைவிடப் பெரிய அடி 2020, 2021 ஊரடங்குகள். இரண்டும் கூத்துக் காலத்திலேயே வந்து விழுந்தன. பெட்டி திறக்காத இரண்டு சித்திரைகளை ஜமாக்கள் கடனில் கடந்தன.

கற்பது பெரும்பாலும் ஜமாவிலேயே நடக்கிறது. சிறுவன் முதலில் திரை பிடிப்பான், பிறகு பின்பாட்டுப் பாடுவான், பிறகு சின்ன வேஷம். துரியோதனனோ கர்ணனோ கிடைக்கப் பல வருஷம் ஆகும். வழிவழியாக இது ஆண்களின் தொழில். காஞ்சிபுரம் பக்கம் பெ.இராசகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம், 2002 முதல் 2020 வரை பெண்பிள்ளைகளுக்கும் படிப்போடு கூத்தைக் கற்றுக்கொடுத்தது. விக்கிரவாண்டிப் பக்கத்து ஜமாக்களில் பெண் வேஷம் இன்னும் பெரும்பாலும் ஆண்களிடமே இருக்கிறது.

ஆடி முடிந்தால் கொடி இறங்கிய ஊர்களில் வேலை இல்லை. வேஷக்காரர்கள் கரும்பு வெட்டவும் நாற்று நடவும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை வைத்திருப்பவர்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார்கள். இடையிடையே சாவு வீட்டிலிருந்து ஆள் வரும். காரியத்தையொட்டிய இரவில் கர்ண மோட்சம் ஆடுவது இந்தப் பகுதியின் வழக்கம். செய்த தருமத்தையெல்லாம் தானமாகக் கொடுத்துவிட்டுக் கர்ணன் விழும்போது, இறந்தவரின் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து அழுவார்கள். அந்த ஒரு இரவுக்காகப் பரணிலிருந்து இறங்கும் பெட்டி விடிந்ததும் பரணுக்கே திரும்பும். மாசியில் கட்டைகளைத் தூசி தட்டி, உதிர்ந்த கண்ணாடித் துண்டுகளுக்குப் பதிலாகப் புதியவற்றை ஒட்டிக் காயவைப்பார்கள்.