விருந்தாளியின் வழிபாடு

1907ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு விழா. சகாராவின் நடுவே, ஹொகார் மலைப்பகுதியில், ஏறத்தாழ இருபது குடிசைகளே இருந்த தமன்ராசெத் என்னும் சிற்றூரில் ஒரு பிரெஞ்சுக் குரு திருப்பலி நிறைவேற்ற இயலாமல் தனித்திருந்தார். உடனிருந்து மறுமொழி கூற ஒரு கிறிஸ்தவராவது இருந்தால்தான் குரு திருப்பலி நிறைவேற்றலாம் என்பது அன்றைய திருச்சபை ஒழுங்கு. அப்படியொருவர் அந்த வட்டாரத்திலேயே இல்லை. மழை பொய்த்து ஓராண்டுக்கும் மேலாகியிருந்தது. ஆடுகளின் மடி வற்றியிருந்தது. தம்மிடம் இருந்த தானியத்தைப் பசித்த பிள்ளைகளுக்குப் பகிர்ந்துவந்த அவர், ஜனவரியில் எழுந்திருக்கவும் இயலாதவாறு நோயில் விழுந்தார்.

அவர் பெயர் ஷார்ல் தெ ஃபூக்கோ. கல்விப்புலத்தார் உடனே நினைக்கும் தத்துவவாதி வேறு. பிரெஞ்சில் இரு பெயர்களும் ஒலியில் ஒன்றே, எழுத்தில் மட்டும் இறுதி மெய் மாறும். 1858இல் ஸ்ட்ராஸ்பூர் நகரில் பிறந்து, படை அதிகாரியாகி, உல்லாச வாழ்வில் பெயரைக் கெடுத்துக்கொண்டவர் இவர். கிறிஸ்தவர்களுக்குக் கதவடைத்திருந்த மொரோக்கோவை 1883-84இல் யூத ரப்பி வேடத்தில் சுற்றிவந்தார். நம்பிக்கையைத் தொலைத்திருந்த அந்த இளைஞரை அங்கே அசைத்தது முஸ்லிம்களின் தொழுகை. இறைவனின் முன்னிலையை இடைவிடாது உணர்ந்து வாழும் மக்களைக் கண்டது தம்மை ஆழமாகக் கலக்கியது என்று பின்னாளில் கடிதமொன்றில் அவரே ஒப்புக்கொண்டார். 1886இல் பாரிஸில் தம் பழைய நம்பிக்கைக்குத் திரும்பினார், 1901இல் குருவானார், 1905இல் துவாரெக் மக்களிடையே குடியேறினார். முஸ்லிம்களுக்கு ஒன்றைக் கொடுக்கப் போவதாக எண்ணிப் புறப்பட்டவர், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவர்களிடமிருந்து ஒன்றைப் பெற்றிருந்தார்.

அந்த ஜனவரியில் துவாரெக்குகள் சுற்றுவட்டாரத்தில் பால் தரும் நிலையில் எஞ்சியிருந்த ஆடுகளைத் தேடிக் கறந்து, சொட்டுச் சொட்டாகச் சேர்த்த பாலை அவருக்குப் புகட்டினர். தங்கள் பிள்ளைகளுக்கே பால் இல்லாத காலம் அது. அவர் பிழைத்தார். தனியே திருப்பலி நிறைவேற்றும் அனுமதியும் அம்மாத இறுதியில் வந்து சேர்ந்தது. ஆயினும் அவர் வாழ்வை எழுதியோரில் பலர் திருப்புமுனையாகக் கருதுவது அந்த அனுமதியை அன்று, ஆட்டுப்பாலை. அதுவரை மருந்து, தானியம், பெண்களுக்குத் தையல் ஊசி என்று அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். கொடுப்பவரின் கை எப்போதும் மேலே இருக்கிறது; எதிரே இருப்பவர் நன்றி சொல்லலாம், வேறென்ன செய்ய முடியும்? படுக்கையில் கிடந்த நாள்களில்தான் துவாரெக்குகளுக்கு அவருக்கு ஒன்றைச் செய்யும் இடம் கிடைத்தது.

இஸ்லாமியச் சமூகங்களில் பணி நிமித்தம் தங்கும் மேலைநாட்டுக் கிறிஸ்தவர்களுக்கென இன்று அறிவுரைகளுக்குக் குறைவில்லை. வலக்கையால் உண்ண வேண்டும். ரமலான் பகலில் பிறர் காண உண்ணலாகாது. விருந்தில் மதுவோ பன்றி இறைச்சியோ வைக்கலாகாது. விவிலியத்தைத் தரையில் வைக்கலாகாது, ஏனெனில் இறைநூலை உயரத்தில் வைக்கும் மக்கள் அதைக் கண்டு துணுக்குறுவர். இவை யாவும் தேவையானவையே. எனினும் இந்தப் பட்டியல்கள் சொல்லாமலே ஒன்றை எடுத்துக்கொள்கின்றன. அயலவர் தம் ஊதியத்தோடும் கடவுச்சீட்டோடும் தன்னிறைவாக இருக்கிறார், அண்டை வீட்டாரைப் புண்படுத்தாதிருந்தால் அவர் கடமை முடிந்தது என்பதே அது. அண்டை வீட்டாரிடம் அவருக்குத் தேவைப்படுவது ஏதும் உண்டா என்ற கேள்வியே எழுவதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. மரியாதை என்ற பெயரில் தம் வழிபாட்டைக் கடத்தல் பொருள்போல் அறைக்குள் ஒளித்துவைப்போர் பலர். புண்படுத்தலாகாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால், நாளொன்றுக்கு ஐந்து வேளை தொழும் அண்டை வீட்டாருக்கு, இறைவனை ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லாத மனிதர் எப்படித் தோன்றுவார்? தொழாத மேலைநாட்டவரைவிட, தம் முறைப்படி தொழும் மேலைநாட்டவரே அவர்களுக்கு எளிதில் விளங்குகிறார். ஃபூக்கோவைத் துவாரெக்குகள் ‘மராபூ’ என்று அழைத்தனர். தங்கள் சமயத்தின் இறைப்பற்றாளருக்கு வழங்கிய சொல்லையே அவருக்கும் வழங்கினர்.

நோய்க்குப் பின் அவர் செய்த பெரும் பணி மொழிப்பணி. துவாரெக் கவிதைகளை ஆயிரக்கணக்கான அடிகளில் திரட்டினார். அவர் தொகுத்த துவாரெக்–பிரெஞ்சு அகராதி அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1951-52இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. அம்மொழியை ஆராய்வோர் இன்றும் அதைப் புரட்டாமல் நகர முடியாது. துவாரெக்குகளில் எவரையும் அவர் மதம் மாற்றவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தல் தகாது. ஃபூக்கோ பேரரசின் பிள்ளை. பிரெஞ்சு ஆட்சி சகாராவுக்கு நன்மை என்று நம்பினார்; படைத்தளபதி லப்பெரீன் அவருடைய பழைய நண்பர்; படையினருக்கு எழுதிய கடிதங்களில் நாட்டு நிலவரமும் இருந்தது. 1916 டிசம்பர் 1 அன்று அவர் கொல்லப்பட்டபோது, அவர் தங்கியிருந்த சிறு கோட்டையில் துப்பாக்கிகள் வைக்கப்பட்டிருந்தன. ஆட்டுப்பாலை ஏற்ற கையால்தான் அந்தக் கடிதங்களும் எழுதப்பட்டன. 2022இல் அவரைப் புனிதராக உயர்த்திய திருச்சபையும், காலனியத்தின் முகவரென்று அவரை ஒதுக்கும் ஆய்வாளரும் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டு வாதிடுவதால் பயனில்லை.

அதே அல்ஜீரியாவில், அரை நூற்றாண்டு கழித்து, இந்தக் கடன் கணக்கு இன்னும் கடுமையான வடிவில் வேறொருவர் முன் வந்தது. கிறிஸ்தியான் தெ ஷெர்ஜே 1937இல் பிறந்தவர். தந்தை படை அதிகாரி என்பதால் சிறுவயதில் சில ஆண்டுகள் அல்ஜியர்ஸில் வளர்ந்தார். தொழும் முஸ்லிம்களைச் சிறுவன் வியந்து பார்த்தபோது, அவர்களும் கடவுளையே வணங்குகிறார்கள், கேலி செய்யக் கூடாது என்று தாய் சொல்லிக்கொடுத்தார். அல்ஜீரிய விடுதலைப் போரின்போது 1959இல் அவர் இளம் அதிகாரியாக, பிரெஞ்சுச் சீருடையில், தியாரெத் பகுதிக்கு வந்தார். அங்கே முகமது என்ற ஊர்க்காவலர் அவருக்கு நண்பரானார். பத்துக் குழந்தைகளின் தந்தை, ஆழ்ந்த இறைப்பற்றாளர். ஒரு மோதலின்போது முகமது இடைப்புகுந்து ஷெர்ஜேயைக் காப்பாற்றினார். மறுநாள் தம் கிணற்றடியில் முகமது பிணமாகக் கிடந்தார்.

ஒரு முஸ்லிம், ஆக்கிரமிப்புப் படையைச் சேர்ந்த கிறிஸ்தவர் ஒருவருக்காக உயிரைக் கொடுத்திருந்தார். இக்கடனைத் திருப்பித் தர வழியில்லை. ஷெர்ஜே 1964இல் குருவாகி, பின்னர் டிராப்பிஸ்ட் துறவற சபையில் சேர்ந்து, 1971இல் அல்ஜீரியாவுக்கே திரும்பினார். மெதேயா நகருக்கு அருகே அட்லஸ் மலைச்சரிவில் உள்ள திபிரின் மடம் அவருடைய இல்லமாயிற்று. பெர்பர் மொழியில் அப்பெயருக்குத் தோட்டங்கள் என்று பொருள். உரோமையில் ஈராண்டு அரபு மொழியும் இஸ்லாமியவியலும் பயின்று வந்தார், 1984இல் மடத்தலைவரானார்.

திபிரின் வாழ்வை வியப்புக்குரிய உரையாடல்களின் களமாகக் கற்பனை செய்யலாகாது. துறவியரில் பலர் உழவு வேலையில் தேர்ந்தவர்கள். மடத்தலைவரின் இஸ்லாமிய ஆர்வம் அவர்களில் சிலருக்கு மிகையாகவே பட்டது. அவர் ரமலான் நோன்பு நோற்றபோது முணுமுணுப்பும் இருந்தது. நாளாந்தம் நடந்ததெல்லாம் சிறு செயல்கள். விடுதலைக்குப் பின் மடம் தன் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தது. எஞ்சிய தோட்டத்தைக் கிராமத்துக் குடும்பங்களோடு உழைப்பும் விளைச்சலும் பகிர்ந்து பயிரிட்டது. 1946இல் வந்த மருத்துவத் துறவி லூக், நோயாளி எந்தப் பக்கத்தவர் என்று கேளாமல் கட்டணமின்றிப் பார்த்தார். ஊரில் பள்ளிவாசல் இல்லாதபோது மடத்தின் அறையொன்று தொழுகைக்கு விடப்பட்டது. மணியோசையும் பாங்கொலியும் ஒரே வளாகத்திலிருந்து எழுந்தன.

1975 செப்டம்பரில், ரமலான் மாதத்தின் ஓரிரவு, கடைசி வேளை மன்றாட்டு முடிந்து ஷெர்ஜே சிற்றாலயத்தில் தனியே முழந்தாளிட்டிருந்தார். மடத்தில் விருந்தாளியாகத் தங்கியிருந்த ஒரு முஸ்லிம் அருகில் வந்து, தமக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்டார். இருவரும் மாறிமாறி, ஒருவர் அரபிலும் மற்றவர் பிரெஞ்சிலுமாக, நெடுநேரம் வேண்டினர். எவரும் எவருடைய சொற்களையும் கடன் வாங்கவில்லை. எவரும் தம் சொற்களை விழுங்கவும் இல்லை. 1979இல் ‘ரிபாத் அஸ்-ஸலாம்’ என்ற சிறு குழு உருவாயிற்று. அமைதியின் பிணைப்பு என்பது அதன் பொருள். மெதேயாவின் அலவிய்யா சூஃபிகள் அதில் இணைந்தபோது வைத்த வேண்டுகோள் கருத்தரங்குகளில் பழகியோரைச் சற்றே சுடும். இறையியல் விவாதம் வேண்டாம், அது பிரிவினைக்கே கொண்டுசெல்கிறது, சேர்ந்து மௌனமாக இறைவனை நினைப்போம் என்றனர் அவர்கள்.

ஷெர்ஜே நினைவுகூர்ந்த ஓர் அண்டை வீட்டு இளைஞர் உண்டு. தமக்கு இறைவேண்டல் கற்றுத்தரும்படி கேட்டு வந்தவர். சில காலம் சந்திப்பு தடைப்பட்டபோது, நாம் நம் கிணற்றைத் தோண்டி நாளாயிற்றே என்றாராம். அதன்பின் அவர்களுடைய உரையாடலுக்கே கிணறு என்று பெயர். ஒருமுறை ஷெர்ஜே விளையாட்டாக, ஆழத்தில் கிடைக்கப்போவது கிறிஸ்தவ நீரா, முஸ்லிம் நீரா என்று கேட்டார். இத்தனை காலம் சேர்ந்து நடந்தும் இப்படிக் கேட்கிறீர்களே, அது இறைவனின் நீர் என்று சிரிப்பும் வருத்தமுமாக மறுமொழி வந்தது. தியாரெத் கிணற்றடியில் கிடந்தவரை மறக்காத ஒருவரிடம் அந்தச் சொல் சொல்லப்பட்டது.

1993 இறுதியில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. அயல்நாட்டவர் யாவரும் டிசம்பர் 1க்குள் வெளியேற வேண்டும் என்று ஆயுதக்குழு கெடு விதித்தது. டிசம்பர் 14 அன்று மடத்திலிருந்து சில கல் தொலைவில் 12 குரோவேஷியத் தொழிலாளர்கள் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டனர். பத்து நாள் கழித்து, கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னிரவில், சயாஹ் அத்தியா என்ற தளபதி ஆயுதமேந்தியோருடன் மடத்துக்கே வந்தார். மருத்துவரும் மருந்தும் பணமும் கேட்டார். இது அமைதியின் வீடு, ஆயுதத்தோடு எவரும் உள்ளே வந்ததில்லை, பேசுவதானால் வெளியே பேசலாம் என்றார் ஷெர்ஜே. முதிய லூக் மலைக்கு வர இயலாது. காயமுற்றோர் மருந்தகத்துக்கு வந்தால் பார்ப்பார். இன்றிரவு இயேசுவின் பிறப்பு விழாவைக் கொண்டாடவிருக்கிறோம் என்றும் சொன்னார். தெரியாமல் வந்துவிட்டதாக அத்தியா வருத்தம் தெரிவித்துத் திரும்பினார். வந்தவர் கொலையாளி, ஆயினும் அவருக்கும் அந்தச் சொல் விளங்கியது, ஏனெனில் ஈசா நபியை அவரும் அறிவார். தம் விழாவை ஒளித்து வைத்திருந்த மடமாயிருந்தால் அன்று சொல்வதற்கு என்ன இருந்திருக்கும்?

அதன்பின் போவதா, இருப்பதா என்று துறவியர் பலமுறை கூடிப் பேசினர். அயல்நாட்டவருக்கும் ஊராருக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு உணவிலோ உடையிலோ இல்லை. ஒருவரால் விமானம் ஏற முடியும், மற்றவரால் முடியாது. கிராமத்தார் இரவில் அஞ்சி உறங்கினர். போக அவர்களுக்கு இடமில்லை. துறவியர் தங்கினர். 1996 மார்ச் 26–27 நள்ளிரவில் எழுவர் கடத்தப்பட்டனர். 82 வயது லூக்கும் அவர்களில் ஒருவர். மே மாதத்தில் அவர்கள் கொல்லப்பட்டதாக ஆயுதக்குழு அறிவித்தது. கிடைத்தவை தலைகள் மட்டுமே. கொன்றவர் யார் என்பதில் இன்றுவரை ஐயம் நீங்கவில்லை. ஷெர்ஜே முன்னரே எழுதி வைத்திருந்த இறுதி மடல் திறக்கப்பட்டது. தம் சாவைக் காட்டி இஸ்லாத்தின்மேல் பழி சுமத்திவிடுவார்களோ என்பதே அதில் அவர் வெளியிட்ட பெருங்கவலை.

இக்கதையைச் சொல்லி முடிப்பதில் ஓர் இடர் உண்டு. விருந்தாளியின் அடக்கம் விருந்தாளிக்கு அழகு. ஆனால் நாட்டின் குடிமக்களான கிறிஸ்தவர்கள் விருந்தாளிகள் அல்லர். அல்ஜீரியாவில் முஸ்லிம் அல்லாதோரின் வழிபாட்டை ஒழுங்குபடுத்தும் 2006ஆம் ஆண்டுச் சட்டம், முஸ்லிம்களை மதம் மாறத் தூண்டினால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. 2017க்குப் பின் கபிலியப் பகுதியில் உள்ளூர்ப் புராட்டஸ்டண்ட் சபைகளின் ஆலயங்கள் பல மூடப்பட்டன. திபிரின் துறவியரின் மௌனத்தை முன்மாதிரியாகக் காட்டி இவர்களையும் மௌனமாயிருக்கச் சொல்வது, அம்மௌனத்தையே பொய்யாக்குவதாகும். இந்தியாவில் சிறுபான்மைச் சமயங்களை விருந்தாளிகள்போல் நடத்தும் பேச்சைக் கேட்டுப் பழகியோருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

2018 டிசம்பர் 8 அன்று ஓரான் நகரில் அந்த எழுவரும், அதே பத்தாண்டில் கொல்லப்பட்ட வேறு பன்னிருவரும் அருளாளர்களாக அறிவிக்கப்பட்டனர். விழாவுக்கு முன் அவர்களின் குடும்பத்தினர் நகரின் பெரிய பள்ளிவாசலில் வரவேற்கப்பட்டனர். கொலைக்கு உடன்பட மறுத்ததால் அக்காலத்தில் கொல்லப்பட்ட இமாம்களும் அங்கே நினைவுகூரப்பட்டனர்.

திபிரினில் டிராப்பிஸ்ட் துறவியர் இப்போது இல்லை. பல ஆண்டுகள் ஒரு பிரெஞ்சுக் குரு வந்துபோய், கிராமத்தாரோடு சேர்ந்து பழத்தோட்டத்தைப் பயிரிட்டார். 2016 முதல் ஒரு சிறு கத்தோலிக்கக் குழு அங்கே தங்கியிருக்கிறது. ஏழு கல்லறைகளையும் காண வருவோரில் பெரும்பாலார் அல்ஜீரிய முஸ்லிம்கள். போகும்போது தோட்டத்துப் பழங்களில் செய்த ஜாம் வாங்கிச் செல்கின்றனர்.