ஆண்டு அச்சிட்ட புட்டிகள்

கரேஜ் இம்பீரியல் ரஷ்யன் ஸ்டவுட்டின் லேபிளில் அது காய்ச்சப்பட்ட ஆண்டைப் போட்டிருப்பார்கள். அந்த மரியாதை பொதுவாக ஒயினுக்குத்தான் கிடைக்கும். இந்தப் பியருக்கு அது தகும். வடிகட்டிச் சூடேற்றி அடைத்த பியரில் உயிர் இருக்காது. இதிலோ ஈஸ்ட் உயிரோடு புட்டிக்குள் போகும். மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்று அங்கேயே வாயுவை உண்டாக்கும், உள்ளே சிக்கிய ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். 10 சதவீத ஆல்கஹாலும் தாராளமாகப் போட்ட ஹாப்ஸும் துணை நிற்க, ஆண்டுக்கணக்கில் கெடாது.

லண்டனில் வாழ்ந்த காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். புதுப் புட்டி முரடு: கருக வறுத்த மால்ட்டின் கசப்பு, தார் வாடை, தொண்டையைச் சுடும் காரம். அதையே சில ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்து திறந்தால் கசப்பு அடங்கியிருக்கும். உலர்திராட்சை, கருஞ்சாக்லேட், பழந்தோல், ஷெர்ரியின் இலேசான புளிப்பு என்று மிடறுக்கு ஒன்றாக மேலே வரும். அடிமண்டி கலங்காதபடி ஒரே சாய்ப்பில், நிதானமாக ஊற்ற வேண்டும். ஃபிரிட்ஜில் வைப்பது பாவம், பாதி மணம் அமுங்கிவிடும். இரண்டு வெவ்வேறு ஆண்டுப் புட்டிகளை அருகருகே ஊற்றி மாற்றி மாற்றிப் பருகிய மாலைகளைப் போல் வேறெந்தக் குடியும் எனக்கு நிறைவு தந்ததில்லை.

தேம்ஸின் தென்கரையில், சதர்க்கிலிருந்த த்ரேல் குடும்பத்து ஆலையில் தொடங்குகிறது இதன் கதை. 1781இல் ஹென்றி த்ரேல் இறந்தபின் அதை விற்றுக்கொடுத்தவர்களில் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனும் ஒருவர். வாங்கிய பார்க்ளே பெர்க்கின்ஸின் ஸ்டவுட்டை லெ காக் நிறுவனம் பால்டிக் கடல்வழியே ரஷ்யாவுக்கு ஏற்றுமதி செய்தது. 1869இல் மூழ்கிய ஒரு கப்பலில் இருந்து அந்நிறுவனத்தின் பெயர் பொறித்த புட்டிகள் 1974இல் கிடைத்தன. பிற்பாடு ஆலை கரேஜோடு இணைந்தது.

1993க்குப் பிறகு காய்ச்சுவதை நிறுத்தினார்கள். 2011இல் பெட்ஃபோர்டில் மறுபடி உயிர்ப்பித்தபோது மனசு துள்ளியது. குடித்தேன், நல்ல பியர்தான். ஆனால் எனக்கு வேண்டியது அந்தப் பழைய வரிசை, ஓராண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் நாக்கு கண்ட வேறுபாடு.

ஊரைவிட்டுக் கிளம்பியபோது மீதியிருந்த புட்டிகளை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் ஒன்றையாவது திறக்காமல் வைத்திருக்க வேண்டும். இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதற்காகவே விமானம் ஏறுவேன்.